ஆஸ்பத்திரிக்கு உடுத்திய கவுன்

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது மாதிரி உடுத்திக்கொண்டுதான் போவோம். கசங்கிய உடுப்போடு போய் வலி என்று சொன்னால், போதை மாத்திரைக்கு வந்திருக்கிறாள் என்று வெள்ளைக்கார நர்ஸ் நினைத்துக்கொள்வாள். மிசிசிப்பியில் கறுப்பாகப் பிறந்த எவளுக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் என் தங்கை லட்ரீஸ், பிள்ளை பெற்ற வாரத்திலேயே, தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்று அழுதபோது, நான் முதலில் எடுத்தது அவளுடைய நீலக் கவுனைத்தான். கால் வீங்கிப் போய் ஷூ நுழையவில்லை. திணித்தேன். முத்துத் தோடு மாட்டிவிட்டேன். உதட்டுச் சாயத்தை அவளே பூசிக்கொண்டாள்.

"ஓடெல், புள்ளைய பாத்துக்க" என்றாள் புருஷனிடம்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரில்ல கெளம்புறீங்க ரெண்டு பேரும்!" என்றான் அவன். சிரித்தோம். பாவிகள், சிரித்தோம்.

ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுச் சுவரில் புதுச் சட்டத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்காகத்தான் போன வருஷம், ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தலைநகருக்குப் போனேன். பிரசவத்தில் வெள்ளைக்காரிகளைவிட எங்கள் பெண்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து; அதனால் தலைவலி என்றால் 'உடனே' அதைப் பார்க்க வேண்டும் என்று மசோதாவில் இருந்தது. ஓட்டுக்கு வந்தபோது 'உடனே' போய் 'இயன்றவரை விரைவில்' வந்திருந்தது. ஏதோ, இந்த மட்டுமாவது கிடைத்ததே என்று நானும் கைதட்டினேன்.

நர்ஸ் லட்ரீஸை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன பண்ணுது?"

"கொஞ்சம் தலைவலி, மேடம். பரவால்ல" என்று சிரித்தாள் என் தங்கை. அம்மா வளர்த்த லட்சணம் அப்படி.

"கொஞ்சமா? வீட்ல செவத்துல முட்டிக்கிட்டு அழுதா! இப்பத்தான் புள்ள பெத்தவ. பிரஷர் பாருங்க!" என்றேன்.

"பாக்க நல்லாத்தானே இருக்காங்க? உக்காருங்க. முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் கூப்பிடுறோம்."

எங்களுக்குப் பின்னால் விரலை அறுத்துக்கொண்டு வந்த வெள்ளைக்காரர் உள்ளே போனார். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். "அக்கா, செவத்துல இருக்கற எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள் லட்ரீஸ்.

நான் எழுந்தேன். போய் நர்ஸின் மேசையில் ஓங்கி அடித்தேன். "அங்க ஒட்டி வெச்சிருக்கியே, அத படிச்சியா? அது நாங்க வாங்கின சட்டம்டீ!"

காவலாளி ஓடிவந்தான். டுவைட். என் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன். "அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், வெளிய வாங்க. போலீசக் கூப்பிடப் போறாங்க."

"டேய், உன் மூக்கத் தொடச்சு எறக்கிவிட்டவடா நான்!"

"தெரியும்க்கா. அதான் நான் வந்தேன். அவங்க வந்தா சுட்டுருவாங்கக்கா."

கையைப் பிடித்து என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான். உதறினேன், விடவில்லை. அவனும் அழுதான். உள்ளே லட்ரீஸ், கத்தாதே என்று எனக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினாள். கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்படியே வலிப்பு வந்து நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

அப்போதுதான் எல்லோரும் ஓடினார்கள்.

மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே நர்ஸ் வெளியே வந்து முத்துத் தோட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ரொம்ப மரியாதையான பொண்ணும்மா. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த குறை சொல்லல."

கழுத்தை நெரித்திருக்க வேண்டும் அவளை. என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"ரொம்ப நன்றி, மேடம்" என்றேன்.