மாலை நான்கு மணி டெஸ்ட்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடும் ஐந்து டெஸ்ட் தொடரை யார் வெல்வார்கள், எத்தனைக்கு எத்தனை, ஏன் என்று எழுதித் தரும்படி ஓர் இணைய இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அவருக்கு இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பு. தப்பான பிறகு ஏன் தப்பானது என்று இன்னொரு கட்டுரை. அதற்கும் வாசகர்கள் திட்டுவார்கள். இந்தத் தடவை 3-1, இந்தியா என்று எழுதி அனுப்பினேன்.* அனுப்பிய கையோடு அலுப்பாகிவிட்டது.

அந்தக் கட்டுரை எப்படியோ போகட்டும். என் வீட்டுக்குக் கீழே அதே தொடரை இன்னொருவர் கணித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று நாள் தொடர்ந்து, ஒன்றுகூடத் தப்பில்லை. அவருடைய கதைதான் இது. அதில் நான் செய்த கோளாறும் உண்டு. அதைக் கடைசிவரை மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

(* தொடரின் எண்கள் எல்லாம் என் கற்பனை. எந்த வருடம் என்று தேட வேண்டாம், கிடைக்காது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மைசூர் மேட்டகள்ளியில் டிசம்பர் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு—"

[பனியை வைத்துத் தொடங்குகிறவனை நானே நம்ப மாட்டேன்.]

இரண்டாவது: "பாலனுக்கு ஸ்ட்ரோக் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை—"

[நோயில் தொடங்கினால் வாசகர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி வந்தவரைப் போல உட்கார்ந்துவிடுவார். வேண்டாம்.]

மூன்றாவது தொடக்கம் இல்லை. விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பாலனுக்கும் சுலோசனாவுக்கும் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மைசூர் வந்தார்கள். அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். கீழ் வீடு அவர்களுடையது, மேல் வீட்டுக்கு நான் வாடகை கொடுக்கிறேன். என் பெயர் டேவிஸ். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பாலனும் நானும் இருபது வருடமாக ஒன்றாக கிரிக்கெட் பார்த்தவர்கள். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் என்றால் விடிகாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் கதவு திறந்திருக்கும்.

ஜூலையில் ஸ்ட்ரோக். வலது கையும் பேச்சும் போயின. மூன்று மாதம் கழித்துப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஆனால் கன்னடத்தில் மட்டும். பேடா, ஹௌது, சாக்கு. வேண்டாம், ஆமாம், போதும். தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை.

இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி நடப்பதுண்டாம். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். பாலன் தொழிற்சாலையில் பகல் முழுக்கப் பேசியது கன்னடம். தமிழ் பேசியது ஒரே ஆளோடுதான். (என்னோடும் கொஞ்சம். ஆனால் நாங்கள் ஸ்கோரைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.)

"ஊரு பூராப் பேசின பாசை இருக்குதுங்கண்ணா," என்றாள் சுலோசனா. "எங்கூடப் பேசினது மட்டும் போயிருச்சு."

3

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் தீபா. சின்ன வயது, கன்னடக்காரி, மகா பொறுமைசாலி. செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவில் மூவரும் அவளிடம் போவோம். நவம்பரில் அவள்தான் யோசனை சொன்னாள்: அவருக்குப் பிடித்த விஷயத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், 'ஆமாம் இல்லை' என்று முடிகிற கேள்வியாக இருக்கக் கூடாது, இனி நடக்கப்போவதைக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு வாக்கியமே வேண்டியிருக்கும்.

அப்படித்தான் கிரிக்கெட் வந்தது. காலையில் மாத்திரையின் தூக்கத்தில் இருப்பார். அதனால் மாலை நான்கு மணிக்கு மறுஒளிபரப்பைப் போடுவது, சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்து "இன்னைக்கு ஆட்டம் யாருக்குங்க?" என்று கேட்பது, பாலன் 'இண்டியா கெல்லுத்தெ' என்றோ 'சோலுத்தெ' என்றோ சொல்வது. ஜெயிக்கும், தோற்கும்; அந்த ஒரு நாள் ஆட்டத்துக்கு மட்டும். பிறகு ஆட்டத்தைப் பார்ப்பது.

முதல் டெஸ்டின் கடைசி நாள் 'கெல்லுத்தெ' என்றார். இந்தியா கவிழ்ந்தது. பாலன் வாயை இறுக்கிக்கொண்டார். இரண்டு நாள் பேடாகூட இல்லை. சாப்பாட்டைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை சுலோசனா மாடி ஏறி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, அந்த மேட்ச்சு மத்தியானமே முடிஞ்சு போயிருமுங்களா?"

"பன்னிரண்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும்மா."

"அப்ப உங்களுக்கு முன்னாலயே தெரியுமில்லீங்க?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

4

ஏற்பாடு இதுதான். தினமும் மூன்றரைக்கு சுலோசனா போன் செய்வாள், அன்றைய ஆட்டம் யார் பக்கம் முடிந்தது என்று நான் சொல்வேன். நான்கு மணிக்கு அவள் கேள்வி அந்த முடிவின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். "இன்னைக்கு நம்மாளுங்களுக்குச் சிரமந்தானுங்களே?" என்று கேட்டால், பாலன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'சோலுத்தெ' என்பார். ஆட்டம் அப்படியே நடக்கும். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் பாலன் குழந்தை மாதிரி சிரித்தார்.

இரண்டாம் டெஸ்ட் நான்கு நாள், மூன்றாவது ஐந்து நாள், நான்காவதில் நான்கு நாள். பதின்மூன்றும் சரி. தீபா நோட்டில் குறித்துக்கொண்டு கைதட்டினாள். கன்னடத்தில் வாக்கியம் இரண்டு சொல்லில் இருந்து நான்கு சொல்லுக்கு நீண்டது.

தமிழ் வரவில்லை. சுலோசனா தமிழில் கேட்பாள், அவர் கன்னடத்தில் பதில் சொல்வார். ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும் இவள் உதடும் கூடவே அசையும். பதில் வந்ததும் "சரிங்க" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அழுதாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

5

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். சுலோசனாமீது சந்தேகம் வந்தது. இத்தனை நல்லவளாக ஒருத்தி இருப்பாளா? ஒரு கோபம், ஒரு எரிச்சல் வேண்டாமா? அதனால் அவள் பாலனைத் திட்டுகிற ஒரு காட்சி எழுதினேன்: "உங்க கம்பெனிக்காரனுங்ககூடப் பேசின மாதிரியே எங்கிட்டயும் பேசறீங்களே, நா யாருங்க உங்களுக்கு—"

பிறகுதான் ஞாபகம் வந்தது. அது கற்பனை இல்லை. டிசம்பர் நடுவில் ஒரு நாள் மாடிப்படியில் நின்று என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் மேலே வந்துவிட்டேன். அன்று மாலை மூன்றரைக்கு வழக்கம்போல் போன் வந்தது. வழக்கம்போல் முடிவைச் சொன்னேன்.

6

நான்காம் டெஸ்டின் ஐந்தாம் நாள்.

முதல் வடிவம்: "அன்று மேட்டகள்ளியில் கரண்ட் இல்லை. டேவிஸின் போனில் சார்ஜ்—"

பொய். கரண்ட் இருந்தது. போனில் சார்ஜும் இருந்தது.

இரண்டாவது வடிவம்: "டேவிஸுக்கு அன்று காய்ச்சல்."

அதுவும் பொய். நடந்தது இதுதான். மூன்றரைக்குப் போன் அடித்தது. 'சுலோசனா கீழ்வீடு' என்று வந்தது. நான் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. காலையில் ஒரு வாசகர் "உங்களுக்கு கிரிக்கெட்டும் தெரியாது, வெட்கமும் கிடையாது" என்று எழுதியிருந்தார். அது காரணம் இல்லை. பதின்மூன்று நாளாக முடிவைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு ஆளுக்குத் தினமும் ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு சோர்வு என்று செய்துபார்த்தவனுக்குத்தான் தெரியும். மூன்று தடவை அடித்து நின்றது. தூங்கிப்போனேன்.

ஐந்து மணி இருக்கும். கதவைத் தட்டினாள்.

7

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பேசிட்டாருங்கண்ணா."

"என்னம்மா சொன்னாரு?"

"நீங்க போனு எடுக்கலீங்களா, நாலு மணி ஆகிப்போச்சுங்க. சரி, வர்றது வரட்டும்னு போயி உக்காந்து, இன்னைக்கு யாருங்க ஜெயிப்பாங்கன்னேன். எப்பவும் போலப் பாத்தாருங்க. பாத்துக்கிட்டே இருக்காரு. வேற எப்பவும் இத்தன நேரம் பாத்ததில்லீங்க. அப்பறம்..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'ஏம்புள்ள, இன்னைக்கு உனக்கும் தெரியலையா?'ன்னு கேட்டாருங்கண்ணா. தமிழ்ல. அப்பிடியே, பழைய குரல்ல."

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்.

அந்த மனிதர் சொல் தேடுகிறார் என்று நாங்கள் நினைத்த நேரமெல்லாம் அவர் அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பதின்மூன்று நாளும் கணித்தது ஆட்டத்தை அல்ல, அவளை. முப்பது வருடமாக விடிகாலை எழுந்து ஆஸ்திரேலிய டெஸ்ட் பார்த்தவருக்கு, மாலை நான்கு மணிக்கு ஓடுவது முடிந்துபோன ஆட்டம் என்று தெரியாதா? கிரிக்கெட் எழுதுகிற நானே அதை யோசிக்கவில்லை. யோசிக்காதது மறதியால் இல்லை. பேச்சு போனதோடு புத்தியும் போய்விட்டது என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முடிவு செய்திருந்தோம். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"தெரிஞ்சேதான் சொல்லியிருக்காரு," என்றாள் சுலோசனா. "சரியாச் சொன்னா நா சிரிப்பேன்னு."

நான்காம் பகுதியில் 'குழந்தை மாதிரி சிரித்தார்' என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடப் போனேன். அடிக்கவில்லை. அப்படித்தான் அவரைப் பார்த்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

8

அந்த டெஸ்ட் டிரா. நான்கு ஆட்டம் முடிந்து 1-1. என் 3-1 அதோடு செத்தது.

மறுநாள் நான் கீழே போனபோது பாலன் இடது கையால் அலாரம் கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நாலரைக்கு. என்னைப் பார்த்துவிட்டு மாடிப் பக்கம் ஒரு பார்வை, பக்கத்து நாற்காலிமேல் ஒரு பார்வை. வா என்று அர்த்தம். நான் "பாலன், மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். "சாக்கு," என்றார். போதும். தமிழில் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு தமிழில் எதுவுமே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்.

தீபாவிடம் கேட்டோம். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஒன்று வந்ததால் அடுத்தது வரும் என்று சொல்ல மாட்டேன். வராது என்றும் சொல்ல மாட்டேன்," என்றாள் கன்னடத்தில். பன்னிரண்டு வருடத்தில் நான் இப்படி ஒரு கணிப்புக் கட்டுரை எழுதியதில்லை.

சுலோசனா ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ஒரு வாட்டி அவரு தமிழக் காதுல கேட்டுட்டேனுங்க. கேக்காமயே இருந்திருந்தாப் பரவால்லீங்க."

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன். இந்தியா ஜெயிக்கிறது, பாலன் தமிழில் கத்துகிறார். (ஆசிரியருக்குப் பிடிக்கும்.) இந்தியா தோற்கிறது, பாலன் தமிழில் ஆறுதல் சொல்கிறார். (எனக்கே பிடித்திருந்தது; அதனாலேயே சந்தேகம்.) மழை வந்து ஆட்டம் நின்றுவிடுகிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. (இதை எழுதும்போது தூக்கம் வந்தது.) மூன்றையும் அழித்துவிட்டேன்.

9

ஐந்தாம் டெஸ்ட், ஐந்தாம் நாள், காலை ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

பாலனின் காலை மாத்திரையைத் தள்ளிப்போட டாக்டரிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டது. ஸ்வெட்டர், மங்கி குல்லா, மடியில் கம்பளி. சுலோசனா மூன்று தம்ளரில் காபி கொண்டு வந்தாள். அவர் தம்ளரை இடது கைப் பக்கம் வைத்தாள். இந்தியாவுக்கு நூற்று எழுபது ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட். ஜெயிக்கலாம், தோற்கலாம், மழை வந்தால் டிராவும் ஆகலாம். இதைவிட அதிகமாக எனக்கும் ஒன்றும் தெரியாது.

சுலோசனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பயந்திருந்தாள், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நானும் பயந்திருந்தேன். கிரிக்கெட்டுக்காக இல்லை.

"ஏனுங்க," என்றாள். "இன்னைக்கு யாருங்க ஜெயிப்பாங்க?"

பாலன் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே பதில் இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இங்கேயும் இல்லை. அவர் வாய் ஓரம் லேசாக இழுத்தது. அது சிரிப்பா, முயற்சியா என்று எனக்குத் தெரியவில்லை. சுலோசனாவின் உதடு அசையத் தொடங்கியது. பாலன் வாயைத் திறந்தார்.

இதற்கு மேல் எழுதப்போவதில்லை. என்ன வந்தது, எந்த மொழியில் வந்தது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் விடையைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற வேலைக்கு நான் ஒருமுறை துணைபோய்விட்டேன், இனி மாட்டேன்.

இப்போது உங்கள் முறை. நீங்கள் சொல்லுங்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.