ஆகானைத் தேடிய ஞாயிறு

வேதப் புத்தகத்தில் ஒதிலுக்குத் தெரியாத கதை கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தீவின் தெற்கே, சவான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில், தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்தைச் சுற்றிப் பதினான்கு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியிருந்தன. அந்தப் பதினான்கு வீட்டிலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். உபதேசியாராக இருந்த அப்பா செத்தபோது அவளுக்கு விட்டுப்போன சொத்து, சென்னைப் பட்டணத்தில் அச்சடித்த அந்தத் தடிப் புத்தகம். தலைநகரான போர்ட் லூயிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஒதில் வாசிப்பாள். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்களை எழுதி மாதாமாதம் பாதிரியாருக்குத் தபாலில் அனுப்புவதும் அவள் வேலை.

வாசிப்பதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. வீட்டில் சண்டை என்றாலும் பங்காளித் தகராறு என்றாலும் சனங்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் கேட்டுவிட்டு, பழைய ஏற்பாட்டில் அதற்குப் பொருந்தும் கதையை எடுத்து வாசிப்பாள். கதையில் எப்படியோ அப்படியே நடந்துகொள்ள வேண்டியது. அதுதான் அந்தச் சபையின் வழக்கம். அண்ணனும் தம்பியும் காய்கறிப் பாத்திக்காக அடித்துக்கொண்டபோது ஆபிரகாமும் லோத்தும் பிரிந்த கதையை வாசித்தாள், பெரியவன் விட்டுக்கொடுத்தான். மருமகளை விரட்ட நின்ற மாமியாருக்கு, மாமியாரை விட்டுப் பிரியாத ரூத்தின் கதை. முறைத்துக்கொண்டு வந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள். ஒன்பது வருஷமாக இப்படியே நடந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

அவளுக்கென்று இருந்தது ஒரே தங்கை, இவெட். போல் என்ற தோட்டக் கூலிக்காரனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தாள். போல் நல்ல உழைப்பாளி. சனிக்கிழமை மட்டும் சீனன் கடையில் ரம் குடிப்பான். குடித்தால் வாய் நீளும். மற்றபடி அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மாதக் குழந்தை அனியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டு வழியெல்லாம் வேடிக்கை காட்டுவான்.

1937 ஆகஸ்ட். தீவு முழுக்கக் கூலிக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கூலி ஏற்றாவிட்டால் திங்கட்கிழமை ஒருவரும் கத்தியைத் தொடுவதில்லை என்று இங்கேயும் முடிவானது. முன்னே நின்றவர்கள் ஜாக், ஃப்ரான்சிஸ் இரண்டு பேர். விஷயம் வெளியே கசியக் கூடாதென்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே போலீஸ் லாரி வந்தது. வேறெந்தக் கதவையும் தட்டவில்லை. நேரே அந்த இரண்டு வீட்டுக்குப் போய், இரண்டு பேரையும் அடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மத்தியானத்துக்குள் சனங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரும்பு வெட்டப் போனார்கள்.

காட்டிக்கொடுத்தவன் யார்? அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாக்கின் தகப்பன் மார்செல் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்றார். சபைக்கு மூத்தவர். பிள்ளையை நினைத்து அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"ஒதில், இதுக்கும் அதுல ஒரு கத இருக்கும். பாத்துச் சொல்லும்மா."

தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்த கதைதான். யோசுவாவின் சனங்கள் ஒரு சின்ன ஊரிடம் தோற்று ஓடி வருகிறார்கள். ஏன் தோற்றோம் என்று விழுந்து அழுதால், உங்களுக்குள் ஒருவன் துரோகம் செய்திருக்கிறான் என்று பதில் வருகிறது. சீட்டுப் போடுகிறார்கள். கோத்திரம், வம்சம், வீடு என்று குறுகி வந்து ஆகான் என்பவன் மேல் சீட்டு விழுகிறது. தொடக்கூடாத பொருளை எடுத்துக் கூடாரத்தில் புதைத்து வைத்தவன் அவன். அவனையும் அவன் பிள்ளைகளையும் கல்லெறிந்து கொல்கிறார்கள். ஒதில் ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஜாக் அவளோடு கூட வளர்ந்தவன்; ஆத்திரம் அவள் குரலிலேயே இருந்தது.

"அவங்க கண்டுபிடிச்ச மாதிரியே நாமளும் கண்டுபிடிப்போம்" என்றார் மார்செல்.

அப்போதே அவள் வேண்டாம் என்றிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்துத் தாள் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பதினான்கு வீட்டுப் பெயரையும் எழுதினாள். தன் பெயரையும் எழுதினாள். அதில்கூட ஒரு பெருமை. மார்செல் தன் வைக்கோல் தொப்பியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடி ஜெபித்தார். ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டினார். வேறு யாருக்குப் படிக்கத் தெரியும்?

பிரித்தாள். அதில் என்ன இருக்கிறதென்று அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தன் பெயரையே சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் கடவுள் எடுத்துக் கொடுத்த சீட்டு. அதைப் பொய்யாக வாசிப்பதா?

"போல்" என்றாள்.

போல் துள்ளி எழுந்தான். "பா முவா! நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!" பக்கத்திலிருந்தவர்கள் விலகி உட்கார்ந்தார்கள். கதையில் ஆகானைக் கேட்டபோது அவன் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான். போல் ஒப்புக்கொள்ளவில்லை. அதை அவள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி வீடென்றால் சட்டம் வேறா என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கோழைத்தனத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

யாரும் கல்லெறியவில்லை. ஆனால் அடுப்புக்கு நெருப்பு கொடுக்கவில்லை, குழாயடியில் இவெட்டின் வாளியை வைக்க விடவில்லை, வெட்டும் வரிசையில் போலுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் இவெட் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க அக்கா."

"நான் சொல்லல இவெட். புத்தகம் சொல்லுது."

இவெட் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கே மூட்டை முடிச்சோடு கடலோரத்துச் சுயாக் பக்கம் போய்விட்டார்கள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு பாதிரியார் வந்தார். ஆராதனை முடிந்து வழக்கம்போல ஒதில் வீட்டில் தேநீர் குடித்தார். போன மாதத்துப் பெயர்க் கடிதம் கிடைத்தது என்றார். அதில் பெயர் எழுதியிருந்த அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மனசு கேட்காமல் தோட்டத்து மேனேஜரைப் பார்க்கப் போனாராம். பெயரைச் சொல்லி, கூப்பிட்டுத் தன்மையாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். மேனேஜர் போலீசுக்குச் சொல்லுவார் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். நல்ல மனுஷன்தான்.

ஒதில் எழுதியது ஒன்றரை வரி. திங்கட்கிழமை வேலைநிறுத்தத்துக்கு முன்னே நிற்கும் ஜாக்குக்கும் ஃப்ரான்சிசுக்கும் ஆபத்து வராமல் ஜெபியுங்கள், அவ்வளவுதான். சத்தியத்தை மீறுகிறோம் என்று அவளுக்குத் துளியும் தோன்றவில்லை. கடவுளிடம் சொல்வதை யாராவது காட்டிக்கொடுப்பதாக நினைப்பார்களா? சபையில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மார்செலிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முதலில் கேட்டது சீட்டைப் பற்றித்தான்.

"அப்ப அந்தச் சீட்டு?"

"சீட்டு தப்பு பெரியப்பா. நான்தான் அது."

"மொதல்ல போய் அவங்களக் கூட்டிக்கிட்டு வா" என்றார் மார்செல். "மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டு மூன்று மணி நேரம் நடந்தாள். மன்னிப்பார்களோ மாட்டார்களோ, திரும்பி வந்தால் போதும். அனிக்கு வெயிலில் தொப்பி வேண்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். மீனவர் வீடொன்றின் பின்னால் ஒற்றை அறை. இவெட் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பிலும் மடியிலும் குழந்தை இல்லை.

"அனி தூங்குறாளா?"

"வியாழக்கெழம போயிட்டா" என்றாள் இவெட் நிமிராமல். "மூணு நாள் காய்ச்சல். இங்க எங்களுக்கு யாரத் தெரியும், யார்கிட்டப் போய்க் கேக்க?"

ஒதில் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வயிற்றிலிருந்து ஓலம் கிளம்பியது. இவெட் அவளைத் தொடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

போல் ரோட்டுக்குக் கல் உடைக்கும் வேலையிலிருந்து மத்தியானம் வந்தான். பாதி ஆளாகியிருந்தான். ஒதில் அவன் காலடியில் உட்கார்ந்து, கடிதம் எழுதியது, பாதிரியார் போனது, மேனேஜர் போலீசுக்குச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தப்பு என்னுடையது, நீ வா, மார்செலே கூப்பிடுகிறார் என்றாள். இவெட் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

போல் தலையை ஆட்டினான். "இல்ல அக்கா. அந்தச் சனிக்கெழம நான் நெறையக் குடிச்சிருந்தேன். நம்மள வேல வாங்குற சர்தார் பக்கத்து மேசையில இருந்தான். என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நான்தான் ஒளறியிருப்பேன்."

"நீ சொல்லலப்பா! பாதிரியார் அவர் வாயாலயே சொன்னாரு. நான் எழுதின கடுதாசி!"

"சீட்டு எம்பேருலதான விழுந்துச்சு. நீதான வாசிச்ச." குரலில் கோபமே இல்லை. அதுதான் ஒதிலால் தாங்க முடியவில்லை. "கதையில அவன் பிள்ளைங்களும் செத்துச்சு. எனக்கும் செத்துருச்சு. எல்லாம் சரியாத்தான இருக்கு."

"ஐயோ, அது உன் கத இல்ல போல்! நான் எடுத்தது தப்பான கத!"

அவன் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன்போல அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் செய்யலேன்னா, அனி எதுக்கு அக்கா செத்தா?"

போல் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவெட் எழுந்து உள்ளே போய், அவனுக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.