ஹோலிக் கச்சேரி

பக்கத்து வீட்டு ராமானுஜம் தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட பாஸில் 'ஹோலி மியூசிக் ஃபெஸ்டிவல்' என்று போட்டிருந்தது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்காரரான கோபாலகிருஷ்ணனுக்கு மியூசிக் என்றால் கச்சேரி, ஃபெஸ்டிவல் என்றால் சீக்கிரம் போய் முன்வரிசை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டார். மனைவி ஞானம்பாளைப் பட்டுப்புடவை உடுத்தச் சொன்னார். திங்கட்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன். அதற்குமுன் மனுஷன் கேட்ட ஒரே ஆசை என்று அவளும் கிளம்பினாள்.

பஸ்ஸில் முழுக்க மகன் நிதினின் பெருமைதான். சிறுசேரியில் வேலை. ஆபரேஷன் தேதி சொன்ன மறுநாளே, ஆபீஸில் சிங்கப்பூர் அனுப்புகிறார்கள், வரமுடியாது என்று போன் செய்துவிட்டான். "முன்னுக்கு வர்ற பிள்ளைய என் நெஞ்சு வலியைக் காட்டித் தடுக்கலாமா?" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பூரிப்பில்தான் அவர் நடமாடினார். அதுவும் போனால் ஆளே போய்விடுவார் என்று ஞானம்பாளுக்குத் தெரியும்.

திருவிடந்தைக் கடற்கரையில் மேடை இருந்தது, நாற்காலி ஒன்றுகூட இல்லை. மேடைக்கு நேரே துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னா சார், இங்க குந்திகினு கீறீங்க? மிதிச்சிடுவானுங்க, ஓரமா போங்க" என்றான் செக்யூரிட்டி.

எழுந்திருப்பதற்குள் காது கிழியப் பாட்டு வெடித்தது, கூட்டம் சூழ்ந்துகொண்டது. "அங்கிள், இது என்ன ராகம்?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். படித்த பிள்ளைகள்தான், படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம். வண்ணப்பொடியில் கண் தெரியாமல் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதி முகம் நீலமாக இருந்த ஒருவன் ஆடிக்கொண்டே வந்து, ஞானம்பாளின் தலையில் பொடியைக் கொட்டினான். கொட்டிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கை அப்படியே நின்றுவிட்டது. நிதின்.

"யாருடா, தெரிஞ்சவங்களா?" என்றாள் அவன் தோளில் சாய்ந்திருந்த பெண்.

"தெரியாது. யாரோ ஆன்ட்டி."

ஞானம்பாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மாட்டப்போகிறார், மாட்டினால் மகனைப் பார்த்துவிடுவார். குனிந்து மணலோடு நீலப்பொடியை அள்ளி மகன் முகத்தில் அப்பினாள். கண், மூக்கு, வாய் எதையும் விடாமல் அழுத்தித் தேய்த்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டு இருமினான்.

"என்ன ஞானம் இது? விளையாட்டுக்குப் போட்டதுக்கு இப்படியா பண்ணுவே?" கோபாலகிருஷ்ணன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "தம்பி, முகத்தைக் காட்டுப்பா, கழுவி விடறேன்."

அவள் பாட்டிலைப் பிடுங்கி மணலில் கவிழ்த்தாள்.

"நம்ம நிதினுக்கு இப்படி ஆனா, யாராவது ஒருத்தர் தண்ணி கொடுக்க வேண்டாமா?"

"அவன் அம்மா வந்து கொடுப்பா. நீங்க வாங்க."

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "பாவம், கண்ணே திறக்கமுடியல அந்தப் பையனுக்கு. நீயும் ஒரு தாயா?" என்றார்.

ஞானம்பாள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.