பாதிக் கஷாயம்

டிக்கெட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, பேச்சும் குழறிய பிறகுதான் சிரிப்பு வந்தது. ஊசி குத்தினால் சிரிப்பு, மைத்துனன் கண்ணீர் விட்டால் அதற்கும் சிரிப்பு.

“மூளையில பட்ட அடியால சிலருக்கு இப்படி ஆகும். அவரா சிரிக்கலம்மா” என்றார் டாக்டரம்மா.

தையல்காரியான அவர் மனைவி முதலில் பயந்துபோனாள். அப்புறம், கல்யாணமான நாளிலிருந்து பாக்கி வைத்ததை மொத்தமாகச் சிரிக்கிறார் என்று தேற்றிக்கொண்டு, அவளும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்துகளோடு மூலிகைக் கஷாயமும் கொடுத்தால், உடம்புக்குள் கனலும் அழற்சி தணிகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். இருவரும் சம்மதித்தார்கள்.

கஷாயம் நாக்கில் பட்டதும் அவர் முகம் அஷ்டகோணலாகும். உடனே சிரிப்பு. பாதி போர்வையில் தெறிக்கும்.

“என்னங்க, சின்னப் பிள்ளையா நீங்க? இங்க பாருங்க, நான் குடிக்கிறேன்!” என்று அவள் ஒரு மடக்கு குடித்துக் காட்டுவாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இன்னொரு மடக்கு. கடைசியில் அவருக்கு மிஞ்சுவது அடிமண்டிதான்.

ஒருநாள் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். “அழற்சி கொஞ்சம்கூட இறங்கலையே. கஷாயம் முழுசா குடிக்கிறாரா?”

தையல்காரி முந்தானையைத் திருகினாள். “குடிக்கிறோம் டாக்டர்.”

“குடிக்கிறோமா?”

உண்மை வெளிவந்தது. டாக்டரம்மா கோபப்படத்தான் வாயைத் திறந்தார். “அவருக்கு அளந்து குடுத்த மருந்தும்மா! உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“ஒண்ணும் ஆகல. முட்டி வீக்கம்தான் போயிடுச்சு. மாடிப்படி ஏறுறேன், தையல் மிஷின் மிதிக்கிறேன், பறக்குது!”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

“கஷாயத்தாலனு சொல்ல முடியாது. தினம் படியேறுனதாலயும் இருக்கலாம்” என்று கண்ணைத் துடைத்தார் டாக்டரம்மா. “ஆய்வுக் கணக்குல இனி இவரைச் சேர்க்க முடியாது. ஆனா மருந்து குடுக்கலாம். நீங்க மட்டும் தொடாதீங்க!”

அன்று நர்ஸே டம்ளரைப் பிடித்தாள். சிரிப்பு ஓய்ந்த இடைவெளியில் ஒரே மூச்சாக முழுதும் உள்ளே போனது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மனைவியை மேலும் கீழும் பார்த்தார். நாக்கு புரண்டது, தடுமாறியது, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக வார்த்தை தெளிவாக விழுந்தது.

“இந்தக் கண்றாவியையா... தினம் குடிச்ச?”

“உங்களுக்காகத்தாங்க!”

“பைத்தியம்” என்றார் அவர்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு முழுக்க ஓடினாள். “என்னைத் திட்டிட்டார்! நல்லா, தெளிவா திட்டிட்டார்!”