எண்பது சென்றெசிமியும் சந்தனப் பொட்டும்

இத்தாலியில் கதிர்காமநாதனுக்கு ஒரு ஈ, காக்கையைக்கூடத் தெரியாது. ஆனாலும் அந்த நாட்டின் பழைய தபால் முத்திரைகளைப் பற்றி மேற்கு ஒக்லாந்தில் அவரைக் கேட்காமல் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பகலெல்லாம் நில அளவைக் கந்தோருக்காகக் காணி அளக்கும் மனுசன், பின்னேரமானால் ரானுயிப் பகுதியில் இருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியும் சாமணமுமாகக் குந்திவிடுவார். முத்திரையின் ஓரத்தில் பல்லுப் பல்லாக இருக்கிறதே, அதை எண்ணுவதுதான் வேலை. மனைவி யோகராணி சோற்றைப் போட்டு வைத்து மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

அந்தக் காலத்து இத்தாலிக்காரர் முதலில் நிறச் சட்டத்தை அச்சடித்து, பிறகு நடுவில் அரசரின் தலையை மை இல்லாமல் அழுத்திப் புடைக்க வைப்பார்கள். தாளை மாறி வைத்துவிட்டால் அரசர் தலைகீழாக நிற்பார். பல் கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் விற்பார்கள். 1862இல்தான் துளையிட்டுப் பல் வைத்தார்கள். அந்தப் பல்லோடு, தபாலில் போய்க் குறியும் விழுந்த, இத்தாலியச் சதக் கணக்கில் எண்பது சென்றெசிமி முத்திரை என்றால் குதிரைக்கொம்பு. ஆகவே பல்லில்லாததற்குப் பல் வைத்து விற்கிற கள்ளருக்கும் குறைவில்லை. அந்தக் கள்ளப் பல்லைக் கண்டுபிடிப்பதில்தான் கதிர்காமநாதன் சூரன் என்று பெயர்.

அவரிடமும் அந்தச் செம்மஞ்சள் எண்பது சென்றெசிமி ஒன்று இருந்தது. லண்டன் வியாபாரி ஒருவனுக்குத் தன் இலங்கை முத்திரைகள் முழுவதையும் அனுப்பி, அதற்கு மாற்றாக வாங்கியது. "உங்களுக்கென்ன விசரே? அவ்வளவையும் குடுத்து ஒண்டே ஒண்டு வாங்கிறதோ?" என்று யோகராணி அப்போதே கேட்டாள். "உமக்கு உதுகள் விளங்காது" என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களையும் தொழிற்கருவிகளையும் சுவாமிப் படத்தின் முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டு இடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யோகராணி மகளின் விஞ்ஞானப் புத்தகத்தை வைத்தாள், அவருடைய அளவு நாடாவை வைத்தாள். அடுத்த மாதம் முத்திரைக் கழகத்தில், கள்ளப் பல்லைப் பற்றித்தான், அவர் பேச இருந்தார். நாலு பேர் முன்னால் மனுசன் தடுமாறக்கூடாதே என்று, அங்கே அசலென்று காட்டப்போகிற அந்த எண்பது சென்றெசிமி இருந்த தாளையும் எடுத்துப் படத்தோடு சாய்த்து வைத்து, மேலே வடிவாக ஒரு பொட்டு வைத்தாள். சந்தனத்தில் பன்னீர் கொஞ்சம் கூடிப்போயிற்று.

விடியப் பார்த்தால் பொட்டு வழிந்து முத்திரையை நனைத்திருந்தது. அரசரின் புடைத்த முகம் சப்பையாகக் கிடந்தது. கதிர்காமநாதன் சாமணத்தால் மெல்லத் தூக்கினார். முத்திரை வந்தது, வலப்பக்கத்துப் பல் வரிசை மட்டும் வரமாட்டேன் என்று தாளிலேயே நின்றது. பூதக்கண்ணாடியை வைத்தார். நேராக வெட்டிய ஓரம், பழைய பசை. பல்லில்லாத முத்திரைக்கு மூன்று பக்கம் வெற்று ஓரத்திலேயே துளையிட்டு, ஓரம் போதாத இந்தப் பக்கத்துக்குக் கடதாசிக் கீலம் ஒட்டிப் பல் வைத்திருந்தான் எவனோ படுபாவி. இத்தனை வருடமாக அதை எடுத்து எடுத்து ரசித்த சூரனின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"ஐயோ, என்ர கையால நாசமாக்கிப் போட்டனே!" பின்னால் வந்து நின்ற யோகராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அது கள்ள முத்திரை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் அழுகை நின்றுவிடும். ஆனால் அந்தச் சொல்லோடு அவருடைய பெயரும் போய்விடும். அவர் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். "சரி சரி, விடும். தெரியாமல்தானே செய்தனீர்" என்று அவளை மன்னித்தார். என்ன பெருந்தன்மை! இரண்டு துண்டையும் ஒரு கடித உறைக்குள் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

முத்திரை நனைந்து பழுதாகிவிட்டது என்று கழகத்தில் எல்லோருக்கும் சொன்னார். எப்படி என்று கேட்டார்கள். அதையும் சொன்னார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹெண்டர்சனில் ஒரு மண்டபத்தில். யோகராணி கட்லட் பொரித்துக்கொண்டு வந்து தேநீர் மேசையடியில் நின்றாள். கழகத் தலைவர் கிளைவ் புதிதாக வந்தவர்களை எல்லாம் அவளிடம் கூட்டிவந்து, சாமிக்கு முத்திரையைக் குளிப்பாட்டிக் காட்டியவர் இவர்தான் என்று அறிமுகம் செய்தார். நல்ல மனுசன்தான், பகிடி என்று நினைத்துச் செய்தார். மாசி என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த மன்னார்க்காரன் நிக்கலஸ் வத்திக்கான் முத்திரை சேர்ப்பவன். அவனும் சும்மா இருக்கவில்லை. "அக்கா, என்ர அல்பத்தை மட்டும் உங்கட பூசைக்குக் கேட்டுப் போடாதேங்கோ. பாப்பரசர் தாங்கமாட்டார்!"

எல்லோரும் சிரித்தார்கள். யோகராணியும் சிரித்து, ஒவ்வொருவருக்கும் "சொறி, சொறி" என்று சொல்லிச் சொல்லிக் கட்லட் தட்டை நீட்டினாள். கதிர்காமநாதன் வாய்க்குக் கொண்டுபோன கட்லட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். எவனோ ஒட்டிய பல்லுக்கு இவள் ஏன் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பேச எழுந்தபோது எழுதிக்கொண்டு வந்ததை மேசையிலேயே விட்டுவிட்டார். கடித உறையை எடுத்து இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டினார். இது கள்ள முத்திரை, ஏமாந்தவன் நான், என் மனைவியின் சந்தனத்தில் ஒரு பிழையும் இல்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். முதலில் கிளைவ் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். இப்படி ஒரு நேர்மையைக் கண்டதே இல்லை என்று கிழவர்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். நிக்கலஸ் கட்டிப்பிடித்தே விட்டான். போகும் என்று பயந்த பெயர் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அந்த மனக்குளிர்ச்சியோடு காரில் ஏறி உட்கார்ந்தார். யோகராணி வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னப்பா, இப்ப சந்தோசந்தானே?"

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள் அவள். "நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு, ஒட்டிப் பாப்பம் எண்டு அந்த ரண்டு துண்டையும் எடுத்தனான். பாத்தா அந்தப் பல்லு முதலே ஒட்டினது."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒவ்வொரு இரவும் நீங்கள் பக்கத்தில கிடந்து குறட்டை விட, நாளைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு முழிச்சுக்கொண்டு கிடந்தன். கடைசியா உந்தச் சனத்தோட சனமாத்தான் எனக்கும் சொன்னியள், என்ன?"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"காரை எடுங்கோ" என்றாள்.