இல்லாதவரின் செருப்பு

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கௌரவமான கதைகளுக்கு மழையோ மரணமோ வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது என் வாசலில் கிடந்த ஒரு ஜோடி ஆண் செருப்பு. வீட்டுக்குள் ஆண் கிடையாது.

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது: "வாடகை குறைந்த பகுதியில் வாழ்வது என்பது ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். கட்டுரைக்காரியாக ஆரம்பித்தால் குடிநீர், சாக்கடை என்று போய்விடுவேன், நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

இரண்டாவது முயற்சி: "அந்தத் தெருவின் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன." (பொய். வீடுகள் நேராகத்தான் நிற்கின்றன. தண்ணீர்க் குழாய்கள்தான் சாய்ந்திருக்கின்றன.)

மூன்றாவது முயற்சியில் உண்மையை எழுதினேன்: எனக்குப் பயமாக இருந்தது.

2

தனியாக இருக்கும் பெண் ஒருத்தி வாடகைக்கு வீடு தேடினால், கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்று தோன்றும். "கூட யார் இருக்காங்க?" என்பார்கள். யாரும் இல்லை என்றால், "அப்ப யார் யார் வருவாங்க?" என்பார்கள். யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டால் அதுதான் மிகப் பெரிய சந்தேகம். வாஷிங் மெஷின், மிக்ஸிகளுக்குக் கையேடு எழுதுவது என் உத்தியோகம். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று ஊருக்கே சொல்லித்தருகிற எனக்கு, ஒரு கதவைத் திறக்க வைக்கத் தெரியவில்லை.

கடைசியில் திறந்தவர் இந்த வீட்டுக்காரர். மாடியில் ஒற்றை அறை. அதற்குள்ளேயே அடுப்பு மேடை, அதற்குள்ளேயே கட்டில். கீழே தையல்கார அக்காவும் அவர் மகளும் குடியிருக்கிறார்கள். அக்காவின் தையல் மெஷின் ஓடினால் என் தரை உள்ளங்காலில் அதிரும். வீட்டுக்காரர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். ஒன்று, செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது, புதுத் தரை. இரண்டு, ஒரு ஆள் கூடினாலும் காலி செய்ய வேண்டும். முன்பு ஒருவர் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு ஒரு பட்டாளத்தையே குடிவைத்திருந்தாராம். அதிலிருந்து அவர் ஆட்களை நம்புவதில்லை. காலையில் மோட்டார் போட வரும்போது வாசல் வாசலாகச் செருப்புகளை எண்ணிவிட்டுப் போவார்.

நான் குடிவந்த அன்று அவரே தன் பழைய செருப்பை எடுத்து வந்தார்.

"இந்தாம்மா. வாசல்ல போட்டு வை. உள்ள ஆம்பளை இருக்கான்னு நெனச்சா எவனும் கதவத் தட்ட மாட்டான்."

"வார் அறுந்திருக்கே சார்."

"யாரு போடப் போறா?"

3

சிலிண்டர் போடுபவரும் கூரியர்காரரும் செருப்பைப் பார்த்துவிட்டு "சார் இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "தூங்குறாரு. நைட் ஷிஃப்ட்" என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னேன். அத்துடன் செருப்புக்கு ஒரு மனிதன் முளைத்துவிட்டான். உழைப்பாளி, அதிகம் பேசாதவன், குறட்டை விடுகிறவன். (நான் எழுதிய ஆண் பாத்திரங்களிலேயே தொந்தரவில்லாதவன் இவன்தான்.)

ஒரு விடியற்காலையில் அவன் படியேறி வந்தான்.

கனமான காலடி. என் வாசலில் நின்றது. மூச்சு வாங்கியது. எதையோ மெல்லத் தரையில் வைத்தது. பிறகு இறங்கிப் போனது. நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெளிச்சம் வந்தபிறகு திறந்தால் யாரும் இல்லை, செருப்பு மட்டும் கிடந்தது. மறுநாளும் அதே காலடி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஆண்கள் வராமலிருக்கப் போட்ட செருப்பு ஓர் ஆணை நேரே என் கதவுக்கே கூட்டிவந்திருந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது நான்தான்.

பயத்தை மீறிச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் பதிந்த பள்ளங்களில் வெள்ளை மாவு படிந்திருந்தது. அறுந்திருந்த வார் ஒட்டியிருந்தது. இரட்டைத் தையல், நூல் பிசிறே இல்லை. அப்படித் தைக்கிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு.

4

"அக்கா, இந்த வார தைச்சது யாரு?"

மெஷின் நின்றது. அறையின் குறுக்கே தொங்கிய துணித்திரைக்குப் பின்னால் ஒரு குறட்டையும் நின்றது.

"தப்பா எடுத்துக்காதம்மா. என் தம்பி. அவன் இருந்த எடத்த இடிச்சுட்டாங்க. ரொட்டிக் கம்பெனில நைட் ஷிஃப்ட். வேற எடம் கெடைக்கிற வரைக்கும்தான்."

"அவருக்குன்னு செருப்பு இல்லையா?"

"வெளிய விட்டா வீட்டுக்காரர் எண்ணிடுவாரு. அதான் ராத்திரி நீ தூங்குனப்புறம் உன் வாசல்லேர்ந்து எடுத்துப் போட்டுட்டுப் போயி, விடியக்காலைல திருப்பி வச்சுடறான். இந்த வீட்லயே கணக்குல வராத செருப்பு உன்னோடது ஒண்ணுதான்."

(பையில் போட்டு உள்ளே மறைத்து வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். "மாவும் எண்ணெயும் ஊறுன செருப்ப, நான் தைக்கிற பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைங்களுக்குப் பக்கத்துலயா?" என்று அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அழுக்காகிவிட்டேன்.)

எனக்குக் கோபம் பொங்கியது. "தெனமும் விடியக்காலைல இஸ்திரிப் பெட்டியோட நிக்கிறேன், தெரியுமா?"

"பூனை மாதிரி போடான்னுதான் சொல்லியிருக்கேன்."

"பூனைக்கு மூச்சு வாங்காதுக்கா."

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "மன்னிச்சுக்குங்க."

நான் எழுதிய மனிதன் முதன்முதலாகப் பேசினான். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இறங்கியிருக்கக் கூடாது.

"சரி, வார எதுக்குக்கா தைச்சீங்க?"

"அறுந்து கெடந்துச்சு. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

ஒரு முழு ஆளையே மறைக்கத் தெரிந்த அக்காவுக்கு ஓர் அறுந்த வாரை அப்படியே விடத் தெரியவில்லை. கதை கெட்டது இந்த இடத்தில்தான்.

5

நேற்றுக் காலை வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடியேறினார். என் வாசலில் நின்றார். குனிந்தார்.

(இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். அடர்ந்த மீசை ஒன்று வைத்து, தொண்டையைக் கனைக்க விட்டேன். ஒட்டவில்லை. எல்லோரும் மூடிய கதவைத் திறந்தவர் அவர். என் பாதுகாப்புக்குத் தன் காலில் கிடந்ததைக் கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் அவரிடம் எனக்கு இத்தனை பயம்.)

"அறுந்த செருப்பைத்தானம்மா ஒனக்குக் குடுத்தேன்?"

"ஆமா சார்."

"போடாத செருப்பை எதுக்குத் தைக்கணும்?"

கீழே மெஷின் நின்றது. என் உள்ளங்காலுக்கு அது தெரிந்தது.

"இல்லாத மனுஷன் எங்கம்மா போயிட்டு வர்றான்?" என்றார். சிரிப்புப் போல ஆரம்பித்த கேள்வி, முடியும்போது சிரிப்பாக இல்லை.

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் தெரிந்தன.

முதலாவது, உண்மை. "கீழ்வீட்டு அக்காவோட தம்பி சார்." இந்த வாக்கியத்தை எழுதுவது சுலபம். அதற்கு அடுத்த பத்தியில் தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு அக்கா தெருவில் நிற்பார். நான் என் அறையில் இருப்பேன். தரை அதிராது. அதன்மேல் எப்படி நடப்பது?

இரண்டாவது, "எனக்குத் தெரிஞ்சவர் சார்." அக்கா தப்பிப்பார். நானும் என் பெட்டியும் மறுபடி தெருத்தெருவாகப் போவோம். இந்தத் தடவை கேள்விக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். (தியாகம் என்று இதைப் பாராட்டப்போகிற வாசகர்களைக் கேட்கிறேன், உங்களிடம் காலி அறை இருக்கிறதா?)

மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. அதுவாக வாயில் வந்தது.

"நான்தான் சார் போட்டு நடக்கிறேன். சும்மா கெடந்தா எவன் நம்புவான்? படியில சத்தம் கேக்கணும்ல. அதான் தைக்கக் குடுத்தேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், என் பாதத்தைப் பார்த்தார், தன் பழைய செருப்பைப் பார்த்தார்.

"எங்க, நடந்து காட்டு."

7

போட்டுக்கொண்டேன். இரண்டு பாதங்களும் உள்ளே தொலைந்து போயின. முதல் படி. தொப். இரண்டாவது படி. தொப். வாசலில் மூச்சு வாங்கிய அந்தக் காலடியை நினைவில் வைத்து அதே கனத்தோடு இறங்கினேன். ஆண்பிள்ளை மாதிரி நடக்க முதன்முறையாகப் பழகினேன், அதுவும் வாடகைக்காக. நன்றாகவே நடந்தேன்.

"பரவால்லயே" என்றார் மேலிருந்து. குரல் இளகியிருந்தது. "கெட்டிக்காரிதான். சரி, மேல வா. செருப்பக் கழட்டிட்டு உள்ள போ."

அப்போதுதான் உணர்ந்தேன். உள்ளங்காலில் நெருநெருவென்று மாவு. தம்பி அவற்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போய் அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. கழற்றினால் என் பாதம் வெள்ளையாக இருக்கும். என் அறையில் ரொட்டி அடுப்பு இல்லை. கழற்றாமல் உள்ளே போக முடியாது, அது முதல் நிபந்தனை. கீழே அக்காவின் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வீட்டுக்காரர் பத்திரிகையில் 'வாடகைக்கு' விளம்பரப் பக்கத்தைத் தாண்டிப் போனதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். அந்தத் தைரியம் இந்தப் படி வரைக்கும்தான் வருகிறது.

இந்தக் கதை முடியாத வரைக்கும் இந்த வீட்டில் யாரும் காலி செய்ய வேண்டியதில்லை. அக்கா கதவிடுக்கில் நிற்பார். அவர் தம்பி திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்திருப்பார். வீட்டுக்காரர் மேலே காத்திருப்பார். நான் என் அளவுக்குப் பொருந்தாத செருப்பில் நடுப்படியில் நிற்பேன்.

முடிக்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் என்னைச் செருப்பைக் கழற்ற வைக்க வேண்டும். கழற்ற வைப்பவர் யாரோ, அவரே அக்காவிடமும் போய்ச் சொல்லட்டும்.