டீயில் ஒன்றும் கலக்கவில்லை

சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் இனாயத் பாயைத் தெரியாதவர்கள் குறைவு. பெயிண்ட், ஆணி, குழாய்ச் சாமான் என்று வாழ்நாள் முழுவதும் கடை நடத்தியவர். மனைவி ஜமீலுன்னிசா போன பிறகு கடையை மகன் ஃபைசானிடம் விட்டுவிட்டு, பள்ளிவாசல் உண்டு, வீடு உண்டு என்று ஒதுங்கிக்கொண்டார். வீட்டில் அவரைக் கவனித்துக்கொண்டது மருமகள் ருக்சார். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு அவள் ட்யூஷன் எடுப்பாள். கூடத்தில் பாயை விரித்தால் உட்கார இடம் போதாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின்போது, வரிசையில் நின்றுகொண்டிருந்த இனாயத்துக்குச் சிறுநீர் கசிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பாதித் தொழுகையில் விலகி, மடக்கிய குடையை முன்னால் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அதன்பின் பள்ளிவாசலுக்குப் போவது குறைந்தது. கேட்டால் முட்டிவலி என்றார். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. மருமகளிடம் சொல்வதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. நனைந்த லுங்கியைக் குளியலறையில் தானே அலசிப் பிழிந்து வைத்தார்.

தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத இடமாக இருக்கட்டும் என்று ஆழ்வார்பேட்டையில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனார்.

"வேற என்ன மாத்திரை எடுத்துக்கறீங்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"சுகர் மாத்திரை. அவ்வளவுதான்."

கால் எரிச்சலுக்குப் படுக்கும்போது போடும் மாத்திரையைச் சொல்லவில்லை. அரிப்புக்குத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்ததையும் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று மறைக்கவில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

புது மாத்திரை கேட்டது. கசிவு நின்றது. வாய் மட்டும் எப்போதும் வறண்டு கிடந்தது. பிறகு பெயர்கள் தப்பின. ருக்சாரை, இறந்த மனைவி என்று நினைத்து, ஜமீலா என்று கூப்பிட்டார். மத்தியானத்தில் எழுந்து விடியற்கால சுபுஹு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியைத் தேடினார். "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு" என்று ஃபைசான் வருத்தப்பட்டான். வயதானால் வருவதுதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவருக்கோ டீ கசந்தது. முதலில் கொஞ்சம் கசந்தது; பிறகு வாயில் வைக்க முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, போனை எடுத்து நூறை அழுத்தினார். போலீஸ் வண்டி வந்து நின்றபோது பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"என் மருமக டீயில விஷம் கலக்கறா! என்னைக் கொல்லப் பாக்கறா! எல்லாரும் பாத்துக்குங்க!"

தெரு கூடிவிட்டது. ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் பையோடு படிக்கட்டிலேயே நின்றார்கள். மேலே வந்த போலீஸ்காரர் சமையலறைக்குப் போய் டீத்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். ருக்சார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்போரம் நின்றாள்.

ஃபைசான் ஓடிவந்து சமாதானம் சொல்லி போலீஸ்காரர்களை அனுப்பி வைத்தான். அதற்குள் இனாயத் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. குழாய் போட்டு எடுத்தார்கள்.

"வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் கொண்டுவாங்க. ஒண்ணு விடாம," என்றார் அங்கிருந்த டாக்டர் ஜானகி.

தேடிக் கொண்டுவந்தது ருக்சார்தான். அவருடைய ஜிப்பா மடிப்புக்குள் ஒளிந்திருந்த அட்டையையும் அவள்தான் கண்டெடுத்தாள். டாக்டர் மூன்று அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார்.

"கால் எரிச்சலுக்கு ஒண்ணு, அரிப்புக்கு ஒண்ணு, யூரினுக்கு ஒண்ணு. கொடுத்த மூணு பேருக்கும் மத்தவங்க கொடுத்தது தெரியாது. மூணுக்கும் ஒரே மாதிரி பக்கவிளைவு. ஒண்ணா சேர்ந்தா இந்த வயசுல வாய் வறண்டு கசக்கும், மூளை குழம்பிடும், யூரின் அடைச்சுக்கும். இது மறதி நோய் இல்லம்மா. நிறுத்திட்டா தெளிஞ்சிடுவார்."

தெளிந்துவிட்டார். சில நாளில் பெயர்கள் திரும்பின, பொழுது திரும்பியது. அவற்றோடு அந்தச் சாயங்காலமும் திரும்பியது. முழுதாக இல்லை. டீத்தூள் டப்பாவை மோந்து பார்க்கும் போலீஸ்காரரும், பக்கத்தில் தரையைப் பார்த்து நிற்கும் ருக்சாரும் மட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். அப்படிப் பேசியது மாத்திரைதான், அவர் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஒளித்து வைத்தது மாத்திரை இல்லையே, நான்தானே என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தார். ருக்சார் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு வந்தது, வெந்நீர் வந்தது. டீ மட்டும் ஃபைசான் போட்டான். கூடத்துப் பாய் மூலையில் சுருட்டியே கிடந்தது. சாயங்காலமாகியும் ஒரு பிள்ளை வரவில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா."

"உங்க மேல கோவம் இல்ல மாமா. உடம்புக்கு முடியாம பேசினீங்க." அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா தெருவுல இறங்கினா எல்லாரும் என் கையைப் பாக்கறாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். தெருமுனையில் செண்பகத்தின் இட்லிக் கடை. செண்பகத்தின் மகளும் ருக்சாரிடம் ட்யூஷன் படித்தவள், இப்போது வருவதில்லை. கடையில் இரண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் லாரன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"செண்பகம், அன்னிக்கு நான் சொன்னது எதுவும் நிஜமில்ல. எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு."

"வுடு பாய்," என்றாள் செண்பகம், தட்டைக் கழுவியபடி. "நீ பெரிய மனுசன். குடும்ப மானத்தக் காப்பாத்திக்கினு கீற. எங்களுக்கு இன்னா தெரியாதா?"

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் மறுத்ததே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். காலும் திரும்பத்தான் பார்த்தது.

"எனக்கு மூத்திரம் அடக்க முடியல," என்றார்.

லாரன்ஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"பள்ளிவாசல்ல, தொழுகையில நிக்கும்போதே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆழ்வார்பேட்டைல போய்த் திருட்டுத்தனமா மாத்திரை வாங்கினேன். அது மத்த மாத்திரையோட சேர்ந்து புத்தியைக் கெடுத்திருச்சு. அந்த மாத்திரையைத் தேடி எடுத்து டாக்டர்கிட்ட குடுத்ததே ருக்சார்தான். அவ இல்லேன்னா நான் இல்ல."

காது சுட்டது. பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா பரிதாபமா தெரியவில்லை. லாரன்ஸ் பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

செண்பகம் தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லியா?"

"இல்ல."

"அடப்பாவமே," என்றாள். "நானும் சேந்துல்ல பேசினேன்." அதற்குமேல் அவளும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் செண்பகத்தின் மகள் வந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். வராதவர்கள் வரவேயில்லை. செய்தி பள்ளிவாசல்வரை போய்விட்டது என்பதை, அங்கே ஒருவர் அவருக்குக் கடைசி வரிசையில் ஓரமாக இடம் விட்டு நகர்ந்ததிலிருந்து தெரிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்று தொழுதார்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ருக்சார் கூட வந்தாள். மாத்திரைப் பையை மடியில் வைத்திருந்தாள். ஆட்டோ அடையாற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றது.

"கடையில எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாமே."

"ஆமா."

"கேட்டப்ப எனக்கே கூச்சமா போச்சு மாமா." முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். "அன்னிக்குக் கோவம் இல்லேன்னு சொன்னேன்ல. இருக்கு. இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்மா," என்றார் அவர். "இருக்கறதுதான் நியாயம்."

எதிர்வெயில் அவர் முகத்தில் அடித்தது. ருக்சார் பக்கம் திரும்பினால் வெயில் படாது. ஆனாலும் திரும்ப அவருக்கு முகமில்லை.